மலிவு யார் இட்ட பெயர்?

“வேலை வந்திருக்கிறது. வந்த வேலையைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் அது வியட்நாமுக்குப் போய்விடும்.” மின்னணுத் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் இந்த மூன்று வாக்கியங்களே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. மேடையில் பேசுவோரும் சொல்கின்றனர். ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்க்கும் தரகரும் சொல்கின்றனர். பெண்ணைப் பெற்ற தந்தையரும் வேறு வழி காணாமல் இதையே சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். முதல் வாக்கியத்தில் உண்மை உண்டு. மற்ற இரண்டும் நம்மை அச்சுறுத்தி வாயடைப்பதற்காகப் புனையப்பட்டவை என்பது என் துணிபு. அதனை நிறுவவே இக்கட்டுரை.

வந்திருக்கும் வேலை எத்தகையது என்பதை முதலில் தெளிந்துகொள்வோம்.

எங்கள் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்குவோர் தெருவில் நடந்தால் உளிச்சத்தம் காதில் விழும். மரத்துண்டைத் தேர்வதும், அளவு குறிப்பதும், கொத்தி இழைத்து உருவம் திறப்பதும் ஒரு பட்டறைக்குள்ளேயே நடந்து முடிகின்றன. அத்தொழிலிலும் இடைத்தரகர் உண்டு. சென்னைக் கடையில் விற்கும் விலைக்கும் செதுக்கியவர் கையில் சேரும் தொகைக்கும் உள்ள தூரம் சிறிதன்று. ஆயினும் தொழில் செதுக்கியவர் கையில் இருக்கிறது. ஒரு வணிகர் கைவிட்டால் அவர் உளியை எடுத்துக்கொண்டு இன்னொரு வணிகரிடம் போகலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் நடப்பது வேறு வகை. கைப்பேசியின் முதுகில் எந்த நிறுவனத்தின் சின்னம் பொறித்திருக்கிறதோ, அந்நிறுவனத்துக்கு அங்கே ஆலை கிடையாது. ஆப்பிள் நிறுவனம் கலிஃபோர்னியாவில் இருந்து வடிவம் வகுக்கிறது, விலையை விதிக்கிறது, எத்தனை இலட்சம், எந்தத் தேதிக்குள் என்று ஆணையிடுகிறது. பூட்டிக் கோத்து அனுப்பும் வேலையை ஏற்பது 1974இல் தைவானில் தொடங்கிய ஃபாக்ஸ்கான். அந்த ஃபாக்ஸ்கானுக்கு ஆட்களைத் தருவோர் ஒப்பந்தக்காரர்கள். ஆட்களைத் தங்க வைப்பதும் அவர்களுக்குச் சோறு போடுவதும் வேறு சில ஒப்பந்தக்காரர்கள். இந்த அடுக்கின் ஆகக் கீழே நிற்கும் பெண், நாளெல்லாம் ஒரு திருகாணியையோ ஓர் ஒட்டுப்படலத்தையோ பொருத்துகிறாள். ஐந்தாண்டு பொருத்திய பின்னும் அவள் கையில் ஒரு தொழில் இருப்பதில்லை. உளியைப் போல எடுத்துச் செல்ல அவளிடம் ஏதுமில்லை.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனம் குறைகடத்திகளைக் கோக்கும் வேலையை ஹாங்காங்குக்கு அனுப்பியது. 1966இல் தைவான் தன் காவ்சியுங் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கென்றே ஒரு தனி மண்டலத்தைத் திறந்தது. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் சுதந்திர வணிக மண்டலம் எழுந்தது. இன்டெல் நிறுவனம் அவ்வாண்டே அங்கு வந்து சேர்ந்தது. பினாங்கு நம் குடும்பங்களுக்கு அந்நிய ஊரன்று. நம் பாட்டன்மார் கடை வைத்த ஊர். பள்ளி கட்டிய ஊர். அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பயணம் வந்தோர் கொண்டுவந்த வானொலிப் பெட்டிகளை வீட்டு நடுக்கூடத்தில் வைத்துப் போற்றிய தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசியவர்கள், ஜப்பானில் செய்தது என்றால் மகிழ்ந்தார்கள். மலேசியாவில் செய்தது என்றால் முகம் சுளித்தார்கள். சின்னம் ஒன்றாக இருந்தும் ஆலை இடம் மாறியது ஏன், அந்த ஆலையில் இருந்தவர் யார் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அங்கே இருந்தவர்கள் கிராமத்து மலாய்ப் பெண்கள். தலைமுடியினும் மெல்லிய கம்பிகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து இணைத்தனர். ஊரார் அவர்களுக்கு “மினா காரான்”, அதாவது மின்சார மினா, என்று இளக்காரப் பெயர் இட்டனர். உழைப்பை விற்ற பெண்ணுக்கு இழிபெயர். உழைப்பை வாங்கிய நிறுவனத்துக்கு வரிச்சலுகை! மின்னணு ஆலைகளில் நாடு தழுவிய தொழிற்சங்கம் கூடாது என்பது அந்நாட்டு அரசின் நெடுநாள் நிலைப்பாடு. 1988இல் ஆலைக்குள் அடங்கிய சங்கங்களுக்கு இசைந்தது. 2009இல்தான் வட்டாரச் சங்கங்களுக்கு இணங்கியது. முதல் ஆலை வந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகு!

ஆனால் பினாங்கு ஒன்றைச் செய்தது. 1989இல் திறன் வளர்ச்சி மையம் ஒன்றை அமைத்து, ஆலை நடத்துவோரையே அதில் பங்காளிகளாக்கி, தன் மக்களுக்குப் பொறிநுட்பம் கற்பித்தது. வந்தவர்களிடம் கேட்டு வாங்கத் துணிந்தவர்க்கு ஏதேனும் மிஞ்சும் என்பதற்கு அது சான்று. நாம் என்ன கேட்டோம்?

நோக்கியாவின் கதையை நினைவில் கொள்வோம். அந்நிறுவனம் செருமனியின் போக்கும் நகரில் ஓர் ஆலை வைத்திருந்தது. 2008 ஜனவரியில் அதனை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 2,300 பேருக்கு வேலை போயிற்று. ஆலை நட்டத்தில் ஓடியதன்று. ஆனால் ருமேனியாவில் கூலி குறைவு. மானியம் கொடுத்திருந்த மாநில அரசு பணத்தைத் திருப்பித் தா என்று சண்டையிட்டது. ருமேனியாவின் குளூழ் நகரருகே புதிய ஆலை எழுந்தது. அவ்வூரார் தங்களுக்குப் பொற்காலம் பிறந்தது என்றே எண்ணியிருப்பர். மூன்றே ஆண்டுகளில், 2011இல், அதுவும் மூடப்பட்டது. ஆசியாவுக்கு அருகில் இருப்பதே இலாபம் என்றார்கள்.

அந்த ஆசியாவில் ஒரு பகுதி நம் ஸ்ரீபெரும்புதூர். 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2006இன் தொடக்கத்தில் உற்பத்தி. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர். சுற்றியிருந்த துணை ஆலைகளில் இன்னும் பல்லாயிரம் பேர். பெரும்பகுதியினர் இளம்பெண்கள். 2010இல் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அப்போதும் ஆலை ஓடியது. 2013இல் மென்பொருள் உரிமத்தொகை மீதான வரி குறித்து வருமானவரித் துறைக்கும் நிறுவனத்துக்கும் வழக்கு மூண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க நோக்கியா முடிவு செய்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வழக்கில் சிக்கிய சென்னை ஆலை மட்டும் விற்பனையில் சேராமல் தனித்து நின்றது. ஏறத்தாழ 5,000 பேர் விருப்ப ஓய்வு பெற்றனர். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓய்வாம்; அதிலும் விருப்ப ஓய்வாம்! எவருடைய விருப்பம் என்று கேட்க ஆளில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவுக்காகவே உழைத்துவந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அவ்வாண்டு இறுதியில் நின்றது. நோக்கியா வியட்நாமின் பாக் நின் மாகாணத்தில் தொடங்கிய புத்தம்புதிய ஆலையோ, விற்பனையில் மைக்ரோசாப்டின் கைக்குப் போய், அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சென்னை வளாகத்தைச் சில ஆண்டுகள் கழித்து மின்னேற்றிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. அதற்குள் வேலை இழந்த பெண்களுக்கு வயது ஏறிவிட்டது, மணமும் ஆகிவிட்டது. மணமானவள் என்பது இத்தொழிலில் சிறு சங்கதியன்று. ஐபோன் கோக்கும் வேலைக்கு மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் சேர்ப்பதில்லை என 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. குடும்பப் பொறுப்பில்லாத இளமை மட்டும் போதும். அது தீர்ந்ததும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கை இதில் காணாதவர் உண்டோ?

கணக்கு என்று சொன்னேன். சில எண்களைப் பார்ப்பது நல்லது. நம்மவர் வணிகர் மரபினர், எண்களுக்கு அஞ்சுவோர் அல்லர்.

ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டின் ஐபோன் ஒன்று ஆலையை விட்டு வெளியேறும்போது அதன் அடக்கச் செலவு 178.96 டாலர். அதில் சீனத்தில் கோத்து முடித்ததற்கான கூலி 6.50 டாலர். நூற்றுக்கு நான்குகூட இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கு தந்தனர். 2010இன் ஐபோன் விற்பனை விலையில் ஆப்பிளுக்குச் சேர்ந்த இலாபம் 58.5 விழுக்காடு; சீனத் தொழிலாளர் அனைவருக்கும் சேர்ந்தது 1.8 விழுக்காடு.

இதைப் படித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் மத்திய அரசு மின்னணுப் பொருள்களுக்கான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. ஒதுக்கீடு 40,951 கோடி ரூபாய். ஆலைகள் கூடுதலாக விற்கும் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை அரசே கொடுக்கும் என்றது. சீனத்துக் கணக்கையும் நம் நாட்டுக் கணக்கையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது துல்லியமாகாது. ஆண்டும் வேறு, நாடும் வேறு. ஆயினும் பருமன் கண்ணுக்குத் தெரிகிறது. கோத்தெடுக்கும் கூலி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவை அல்லது அதனினும் மிகுதியை வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க ஆட்சியாளர் முன்வந்தனர். கம்பெனி நமக்குக் கூலி கொடுக்கிறது என்கிறோம். அந்தக் கூலியை நாமே ஒரு கையால் கம்பெனிக்குக் கொடுத்து, மறு கையால் வாங்கிக்கொண்டு, வாழ்த்தும் சொல்கிறோம்.

இந்நிலையில் “இந்தியா மலிவான நாடு” என்று சொல்வதன் பொருள் யாது? நிலம் மலிவாயிற்று, அரசு அதனை மலிவாகக் கொடுத்ததால். தண்ணீரும் மின்சாரமும் அவ்வாறே. பெண்ணின் உழைப்பு மலிவாயிற்று, அவளுக்கு வேறு வாயில்கள் அடைத்திருப்பதால். மலிவு நம் மண்ணோடு பிறந்த குணமன்று. வாங்குபவர் இட்ட பெயர். நாம் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட பெயர்.

இனி இந்த ஏற்பாட்டின் உயிர்நிலைக்கு வருகிறேன். பொறுப்பு யாருக்கு என்பதே அது.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாயிற்று. 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை தரையில் படுத்துறங்கினர் என்றும், சில கழிப்பறைகளில் தண்ணீரே இல்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. தோழியர் சிலரைக் காணோம், இறந்திருக்கலாம் என்ற வதந்தி பரவியது. உண்மையைச் சொல்ல அதிகாரமுள்ளவர் எவரும் அவர்கள் முன் வந்து நிற்கவில்லை. இரவோடிரவாகப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். சமைத்தவர் ஒருவர், விடுதி நடத்தியவர் ஒருவர், ஆள் சேர்த்தவர் ஒருவர், ஆலை நடத்துபவர் ஒருவர். இவர்களுக்கெல்லாம் மேலே, ஏழு கடலுக்கு அப்பால், விலையை விதித்தவர் ஒருவர். ஒருவர் மற்றவரைக் கைகாட்டலாம். நோயுற்ற பெண் யாரைக் கைகாட்டுவாள்? ஏறத்தாழ 17,000 பேர் வேலை செய்த ஆலை 2022 ஜனவரி 12 வரை மூடிக் கிடந்தது. ஆப்பிள் நிறுவனம், சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என ஒப்புக்கொண்டு, ஃபாக்ஸ்கான் ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாகச் சொன்னது. தன்னைத் தான் கண்காணிப்பில் வைப்பதாக அது சொல்லவில்லை.

ஓராண்டுக்கு முன், 2020 டிசம்பர் 12 அன்று, கருநாடகத்தின் கோலார் அருகே நரசாபுராவில் விஸ்ட்ரான் ஆலையில் நடந்ததும் இதன் தங்கைக் கதையே. பல ஒப்பந்தக்காரர் வழியாகச் சேர்ந்த தொழிலாளர், சொன்ன சம்பளம் கைக்கு வரவில்லை என்று கொதித்தெழுந்து ஆலையை அடித்து நொறுக்கினர். அந்தச் செயலை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் சம்பளக் கணக்கில் பிழை நேர்ந்ததை விஸ்ட்ரானே பின்னர் ஒப்புக்கொண்டது. கூலியைத் தாமதிப்பது பாவம் என்று பிள்ளைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இதில் யார் கடனாளி என்று விளக்க வேண்டியதில்லை.

நம் கடைத்தெரு வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். கடையில் கணக்குப்பிள்ளை எடை குறைத்துக் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் முதலாளியிடம்தான் வருவார். “அவர் தனி ஆள், நான் தனி ஆள்” என்று முதலாளி சொன்னால் அந்தக் கடையில் மறுநாள் ஈ காக்கை நுழையாது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இந்த வழக்கம் பொருந்தாதா? 1970ஆம் ஆண்டிலேயே இந்திய நாடாளுமன்றம் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று எழுதியது. நல்ல கொள்கை. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூர் ஆலையே முதன்மை வேலையளிப்பவராக இருந்தது. அந்த ஆலைக்கே வேலையளிப்பவர் ஒருவர் உண்டென்பதை அது காணவில்லை. சட்டம் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. இலாபம் கடல் கடந்து போகிறது.

எங்கள் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்த ஏற்பாடு புதிதா? இலங்கை மலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்க் காடுகளுக்கும் ஆள் பிடித்த கங்காணிகள் திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களை நன்கறிவார்கள். துரை தொழிலாளியின் பெயரை அறியமாட்டார், கங்காணிதான் அறிவார். முன்பணமும் அவர் கையால், கூலியும் அவர் கையால், அடியும் அவர் கையால். 1938இல் மலாயாவுக்கு அவ்வாறு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடுத்தது. பின்னர் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று வந்தது. மூன்றாண்டு விடுதியில் அடைந்து வேலை செய்தால், முடிவில் மண்செலவுக்கோ மணச்செலவுக்கோ ஒரு தொகை. நடுவில் நோயுற்று வீடு திரும்பியவளுக்கு அத்தொகை கிடைக்காமற்போன கதைகள் இப்பக்கத்து ஊர்களில் ஏராளம். இன்று தம்மம்பட்டிப் பேருந்து நிலையத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் தாளில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, உணவும் தங்குமிடமும் இலவசம், பெண்கள் மட்டும் என்று எழுதியிருக்கிறது. கீழே ஒரு கைப்பேசி எண். ஆலையின் பெயரே இல்லை. வேலைக்கு அழைப்பவர் தம் பெயரை எழுத ஏன் நாணுகிறார்?

இவ்விடத்தில் நம் சமுதாயத்துக்குள் எழும் இரு குரல்களுக்கும் விடை சொல்ல வேண்டும்.

“பெண்பிள்ளையை ஆலைக்கு அனுப்புவதே தவறு, அதனால்தான் இவ்வளவும்” என்கிறார் ஒரு பெரியவர். அவரை மதிக்கிறேன்; அவர் சொல்லை ஏற்கமாட்டேன். இந்திய ஆலைகளில் உழைக்கும் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் நால்வர் தமிழ்நாட்டுப் பெண்கள். வீட்டு அடுப்படியில் இருந்துகொண்டு பீடி சுற்றியும் பாய் முடைந்தும் ஒன்றுக்கு அரைக்கூலி பெற்ற நம் தாய்மாரின் கணக்கு அந்தப் பெரியவருக்குத் தெரியாதா? அங்கும் இடையில் ஒரு தரகர் நின்றார்; வாசலுக்கு வெளியே நின்றதால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவே. மாதச் சம்பளமும் சேமநிதியும் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் உடைய பெண், திருமணப் பேச்சிலும் தன் சொல்லைச் சொல்லத் துணிவு பெறுகிறாள். அதைக் கெடுக்க நான் எழுதவில்லை.

“போகட்டும், நாலு காசு சேரட்டும், கேள்வி எதற்கு?” என்பது மற்றொரு குரல். இது எனக்குக் கூடுதல் அச்சம் தருகிறது. ஓர் ஆட்டை விற்கப் போனால் சந்தையில் பத்துப் பேரை விசாரிக்கிறோம். மகளை முந்நூறு கிலோமீட்டர் அனுப்பும்போது, அத்தா கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை.

கேட்டால் ஓடிவிடுவார்கள் என்ற மூன்றாவது வாக்கியத்தை இனி உரசிப் பார்ப்போம். நோக்கியா போனது யாரும் கூலி உயர்த்திக் கேட்டதற்காகவா? வரி வழக்கும், அமெரிக்க நிறுவனத்துக்குத் தொழிலை விற்றதும், சந்தையில் தோற்றதும் காரணங்கள். போக்கும் நகரில் தொழிலாளி அடங்கி இருந்தும் ஆலை போயிற்று. குளூழில் மலிவாக இருந்தும் போயிற்று. இனி மறுபக்கம் பாருங்கள். 2021இல் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தனர். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அதனை நிறுத்திவைத்து, மே நாளில் திரும்பப் பெற்றனர். 2024இல் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இத்தனைக்கும் பிறகு தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி என்னவாயிற்று? 2022-23இல் 5.37 பில்லியன் டாலர். 2023-24இல் 9.56. 2024-25இல் 14.65. யார் ஓடினார்கள்? எங்கே ஓடினார்கள்?

சாலையை மறித்த அந்தப் பெண்களால் இன்னொன்றும் விளைந்தது என்றே நான் நம்புகிறேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரும் விடுதி திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். கட்டியது அரசு நிறுவனமான சிப்காட். தரையில் படுத்தவளுக்குக் கட்டில் கிடைத்தது நன்றே. ஆனால் ஐபோன் செய்ய வந்தவளுக்குக் கட்டில் போடுவதும் நம் பொறுப்பாக முடிந்ததைக் கவனியுங்கள்.

அப்படியாயின் என்ன கேட்பது? வாங்குபவரின் கையெழுத்தைக் கேட்பது. இது ஆகாயத்தில் கோட்டை கட்டும் பேச்சன்று. நம் நாட்டிலேயே நடந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் அவளைத் தொல்லைப்படுத்தி வந்தார் என்று குடும்பத்தாரும் சங்கத்தாரும் கூறினர். பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சிறிய தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கையைப் பெற்றது. ஆலை முதலாளி மட்டும் அதில் கையெழுத்திடவில்லை. ஆடைகளை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் இட்டது. கேப் முதலியனவும் பின்னர் சேர்ந்தன. ஆலை விதியை மீறினால் வாங்குபவர் அதற்கேற்ப வணிக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. சட்டையை வாங்குபவர் கையெழுத்திட முடிந்தது. கைப்பேசியை வாங்குபவரால் முடியாதா? அவர் கையில் மை தீர்ந்துவிட்டதா?

பிரான்சு நாடு 2017இல் சட்டம் இயற்றி, பெரிய நிறுவனங்கள் தம் ஒப்பந்தக்காரரின் ஆலைகளில் நேரும் கேடுகளையும் கண்காணிக்கக் கடமைப்பட்டவை என்றது. தைவானிலும் ஒரு பாடம் உண்டு. அங்கே தாவ்யுவானில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் தொலைக்காட்சிப் பாகங்கள் செய்த ஆலை 1992 வரை ஓடியது. கரைப்பான் நஞ்சு நிலத்தடி நீரில் கலந்திருந்தது பின்னரே வெளிப்பட்டது. அங்கு உழைத்த பெண்கள் பலர் புற்றுநோய்க்கு ஆளாயினர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தாய் நிறுவனங்களும் பொறுப்பே என்று சொன்னது. தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லாதவர் பலர். அவ்வளவு தாமதம் நமக்கு வேண்டாம். ஊக்கத்தொகை கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடலாம். மக்கள் பணத்தைத் தொடுபவர், பூட்டிப் போகும் நாளில் இத்தனை மாதச் சம்பளம் ஈடாகத் தருவேன், விடுதிக்கும் உணவுக்கும் நானே பொறுப்பு, மணமானவளையும் சேர்ப்பேன், இத்தனை பேருக்குப் பொறிநுட்பம் கற்பிப்பேன் என்று உறுதி தரட்டும். ஒப்பந்தக்காரரின் கையெழுத்து ஒரு பக்கம். சின்னத்துக்கு உரியவரின் கையெழுத்து மறுபக்கம்.

அரசு கேட்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜமாஅத்துகளில் திருமணப் பதிவேடு வைத்திருக்கிறோம். சந்தாக் கணக்கு வைத்திருக்கிறோம். மஹல்லாவிலிருந்து வெளியூர் ஆலைக்குப் போகும் பிள்ளைகளுக்கென ஒரு பதிவேடு வைப்பது பெரிய காரியமா? எந்த ஆலை, யார் வழியாகச் சேர்ந்தாள், நியமன ஆணையில் யாருடைய முத்திரை, சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, விடுதி எங்கே என்பதை அதில் எழுதுவோம். மற்றச் சமுதாயத்துப் பெண்களும் அதே பேருந்தில்தான் ஏறுகின்றனர். அவர்கள் பெயரையும் சேர்ப்போம். படித்த இளைஞர் இருவர் அந்த நியமன ஆணையைப் பெற்றோருக்குத் தமிழில் படித்துக் காட்டட்டும். ஆணையே இல்லாமல் வாய்ச்சொல்லால் அழைக்கும் தரகர் ஊருக்குள் வந்தால், பதிவேட்டின் முதல் வரியில் அவர் பெயரையும் முகவரியையும் உரிம எண்ணையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.